வயர்களைச் சுருட்டி வைப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? எல்லாவற்றையும் இணைத்து முடித்தவுடன் மேஜைக்குப் பின்னால் ஒரு முறை குனிந்து பாருங்கள். சிபியுவிற்கு ஒரு பவர் கார்டு, மானிட்டருக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று, ரௌட்டரின் அடாப்டர் ஒன்று. இவை ஐந்தும் மின்சாரம் கொண்டு வருபவை. மானிட்டரின் எச்டிஎம்ஐ கேபிள், கீ போர்டு, மவுஸ், பிரிண்டரின் யுஎஸ்பி கேபிள், ஸ்பீக்கரின் ஆடியோ வயர், ரௌட்டரிலிருந்து வரும் லேன் கேபிள். இவை ஆறும் தகவல் கொண்டு செல்பவை. யுபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆகியவற்றின் வயர்களையும் சேர்த்தால் மொத்தம் 13.

கம்ப்யூட்டரைப் பொருத்த வருபவர் அதை ஆன் செய்யவும், ஆஃப் செய்யவும் சொல்லிக் கொடுப்பார். இந்த 13 வயர்களை என்ன செய்வது என்று பெரும்பாலும் சொல்லித் தருவதில்லை. ஆகவே அவை தரையில் குவிந்து கிடக்கும். அல்லது நீளம் அதிகமாக உள்ள வயரைக் கையில் இறுக்கிச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு மேஜைக்குப் பின்னால் தள்ளிவிடுவோம். முதலாவது பார்க்க நன்றாக இருக்காது. இரண்டாவது பார்க்க நன்றாக இருக்கும்; ஆனால் ஆபத்து அதில்தான் அதிகம்.

வயர் ஒழுங்காக இருப்பது வேறு, இறுக்கமாக இருப்பது வேறு. இந்த வித்தியாசத்தைப் புரிந்து கொண்டால் வயர்களும் பல ஆண்டுகள் உழைக்கும், வீட்டிற்கும் பாதுகாப்பு. அதை இந்தப் பாடத்தில் பார்க்கலாம்.

லாரியிடம் கற்க வேண்டியவை

மேலை நாடுகளில் வீட்டையே ஒரு வண்டியில் வைத்துக் கொண்டு ஊர் சுற்றும் வழக்கம் உண்டு. நம் ஊரில் சினிமா படப்பிடிப்பில் நிற்கும் கேரவனைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அது போன்ற வண்டிதான். இரவு ஓரிடத்தில் நிறுத்தியதும் மின்சாரத்திற்கு ஒரு தடிமனான வயரையும், தண்ணீருக்கு ஒரு ஹோஸையும் இணைப்பார்கள். காலையில் இரண்டையும் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டுக் கிளம்புவார்கள். குடிநீர் ஹோஸையும் கழிவுநீர் ஹோஸையும் ஒரே அறையில் வைக்கக் கூடாது என்பது அவர்களுடைய முதல் பாடம்.

சேலம், நாமக்கல் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. திருச்செங்கோட்டின் போர்வெல் ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் ஓடுகின்றன. ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போயிருக்கின்றன. ரிக் வண்டியும் கம்ப்ரசர் வண்டியும் ஜோடியாகக் கிளம்பினால் வீடு திரும்பப் பல மாதங்கள் ஆகும். சமைப்பதும் படுப்பதும் வண்டியை ஒட்டித்தான். டூல்ஸ், வயர், ஹோஸ், பாத்திரம் எல்லாமே அந்த வண்டிகளுக்குள் அடங்க வேண்டும்.

கம்ப்ரசரில் இருந்து ரிக்கிற்குப் போகும் காற்று ஹோஸைக் கவனியுங்கள். லாரி டயரில் இருப்பதைப் போல் இரண்டு, மூன்று மடங்கு அழுத்தத்தில் அதற்குள் காற்று ஓடும். மடிந்தால் ஹோஸ் பலவீனமாகும். முனை வழியாக மண் புகுந்தால் அடுத்த ஊரில் துளை போடும் சுத்தியலுக்குள் போய்ச் சேரும். எனவே மடியாத பெரிய வளைவு, மூடிய முனை, அதற்கென்று ஓர் இடம் ஆகிய மூன்றும் தேவை. நம் மேஜைக்கும் அதே விதிகள்தான்:

1. எந்த வயரும் ஒடியும்படி மடியக் கூடாது. வளைய மட்டுமே வேண்டும்.
2. முனைகளில் தூசியும் ஈரமும் சேரக் கூடாது.
3. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வேண்டும். மின்சாரம் ஒரு பக்கம், தகவல் ஒரு பக்கம், தண்ணீர் இரண்டிலிருந்தும் தள்ளி.

வயருக்குள் என்ன இருக்கிறது?

ஒரு பவர் கார்டை வெட்டிப் பார்த்தால் மேலே ஒரு பிவிசி உறை இருக்கும். அதற்குள் மூன்று சிறு வயர்கள். ஒன்று ஃபேஸ், ஒன்று நியூட்ரல், ஒன்று எர்த். ஒவ்வொன்றின் உள்ளேயும் தலைமுடி போல மெல்லிய செம்புக் கம்பிகள் பல சேர்ந்திருக்கும். ஒரே தடித்த கம்பியாக இருந்தால் திரும்பத் திரும்ப வளைக்கும்போது விரைவில் ஒடிந்துவிடும். மெல்லிய கம்பிகளாக இருப்பதால்தான் வயர் வளைந்து கொடுக்கிறது.

ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடித்தால் இந்த மெல்லிய கம்பிகள் ஒவ்வொன்றாக அறுபடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மிச்சமுள்ள ஒரு சில கம்பிகள் வழியாகவே முழு மின்சாரமும் போக வேண்டியிருப்பதால் அந்த இடம் மட்டும் சூடாகும். லேப்டாப் சார்ஜர் பெரும்பாலும் பிளக்கிற்குப் பக்கத்தில், கழுத்துப் பகுதியில் கெட்டுப் போவதற்கு இதுவே காரணம். 2011ஆம் ஆண்டு தமிழக அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, கிராமத்து வீடுகளிலும் லேப்டாப் நுழைந்தது. லேப்டாப் நன்றாக இருந்து சார்ஜர் மட்டும் போன வீடுகள் ஏராளம். அடாப்டர் பெட்டியின் மீது வயரை இறுக்கிச் சுற்றிப் பையில் வைப்பதே இதன் முக்கியக் காரணங்களில் ஒன்று. சார்ஜரைச் சுற்றும்போது அடாப்டரில் இருந்து வயர் கிளம்பும் இடத்தில் முதலில் ஒரு சிறிய தளர்வான வளையம் விட்டு, அதன் பிறகு சுற்றுங்கள். இது ஒன்றே சார்ஜரின் ஆயுளைக் கூட்டும்.

சுருட்டும் முறை

பெரும்பாலோர் வயரை முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையே சுற்றுவார்கள். இது வேகமான முறை. ஆனால் தவறான முறை. இப்படிச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் வயருக்குள் ஒரு முழு முறுக்கு ஏறுகிறது. பத்து சுற்று சுற்றினால் பத்து முறுக்கு. கயிறு திரிப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒரே பக்கமாக முறுக்கிக் கொண்டே போனால் கயிறு தானாகச் சுருண்டு கொள்ளும். வயரும் அப்படித்தான். அடுத்த முறை பிரிக்கும்போது சிக்கு விழுவது இதனால்தான்.

மேடையில் மைக் செட் வேலை செய்பவர்களும், படப்பிடிப்பில் லைட், சவுண்டு வேலை செய்பவர்களும் வேறு ஒரு முறையைக் கையாள்கிறார்கள். ஒரு சுற்று மேலாக, அடுத்த சுற்று கீழாக. முதல் சுற்றில் ஏறிய முறுக்கை இரண்டாவது சுற்று எடுத்துவிடும். மூன்று மீட்டருக்கு மேல் உள்ள எந்த வயரையும் இப்படிச் சுருட்டிப் பழகுங்கள். தொடங்கும் முன் வயரைச் சாக்கெட்டில் இருந்து கழற்றிவிட வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

1. வயரைத் தரையில் நேராக விரித்துப் போடுங்கள். பழைய முறுக்கு இருந்தால் ஒரு முனையைப் பிடித்து மாடியில் இருந்து தொங்கவிடுங்கள். தானாகச் சுழன்று முறுக்கு விட்டுவிடும்.

2. ஒரு முனையை இடது கையில் பிடித்துக் கொள்ளுங்கள்.

3. மேல் சுற்று: வலது கையால் சுமார் இரண்டு முழம் தள்ளி வயரைப் பிடியுங்கள். கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் வயரை லேசாக உருட்டிக் கொண்டே இடது கைக்குக் கொண்டு வாருங்கள். வளையம் தட்டையாக விழும். விழாமல் எட்டுப் போல முறுக்கிக் கொண்டால், உருட்டியது போதவில்லை என்று பொருள்.

4. கீழ் சுற்று: இப்போது வலது கையைத் திருப்பி, கட்டை விரல் கீழே பார்க்கும்படி வயரைப் பிடியுங்கள். இடது கைக்குக் கொண்டு வரும்போது கையைப் பழைய நிலைக்குத் திருப்புங்கள். வயரின் மீதிப் பகுதி இந்த முறை வளையத்திற்கு அடியில் போகும்.

5. மேல், கீழ், மேல், கீழ் என்று மாற்றி மாற்றிக் கடைசி வரை சுற்றுங்கள். வளையம் சாப்பாட்டுத் தட்டை விடச் சிறியதாக இருக்க வேண்டாம்.

6. எதிரெதிராக இரண்டு இடங்களில் தளர்வாகக் கட்டுங்கள்.

சரியாகச் சுற்றியிருக்கிறோமா என்று எப்படித் தெரிந்து கொள்வது? ஒரு முனையைப் பிடித்துக் கொண்டு சுருளை மெதுவாக எறிந்து பாருங்கள். சிக்கு இல்லாமல் நேராக விரிய வேண்டும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. வயரின் முனையை வளையத்தின் நடுவே நுழைத்து வெளியே இழுத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் பிரிக்கும்போது வரிசையாக முடிச்சு விழும்.

முதல் நாள் கை ஒத்துழைக்காது. ஐந்தாறு முறை சுற்றிய பிறகு பழகிவிடும்.

எதைக் கொண்டு கட்டுவது?

ரப்பர் பேண்ட்: வேண்டாம். சேலத்துக் கோடையில் சில மாதங்களிலேயே இளகி வயரின் மேல் பிசின் போல ஒட்டிக் கொள்ளும். பிறகு காய்ந்து உதிரும்.

கம்பி வைத்த கட்டு: புதிய வயர்களுடன் வரும் சிறு கட்டுகளுக்குள் மெல்லிய இரும்புக் கம்பி இருக்கும். நாளடைவில் அது வெளியே நீட்டி வயரின் உறையைக் குத்தலாம். பெட்டியில் இருந்து பிரித்ததும் எடுத்துப் போட்டுவிடுங்கள்.

பிளாஸ்டிக் கேபிள் டை: பல் பல்லாக இருக்கும், இழுத்தால் இறுகும், திரும்ப வராது. அமெரிக்காவின் தாமஸ் அண்டு பெட்ஸ் கம்பெனி 1958இல் விமானங்களின் வயர்களைக் கட்டுவதற்காகக் கொண்டு வந்தது இது. ஒரு முறை பொருத்திய பிறகு மாற்ற வேண்டாத இடத்திற்கு ஏற்றது. ஆனால் முழு பலத்துடன் இழுத்து வயரின் உறையைப் பிதுக்கிவிடாதீர்கள். கட்டிய பிறகு வயரை உள்ளே லேசாக நகர்த்த முடிய வேண்டும். அறுக்கும்போது கத்தியால் வயரையும் அறுத்துவிடும் அபாயம் உண்டு.

வெல்க்ரோ பட்டை: வீட்டிற்கு இதுவே சிறந்தது. பள்ளிப் பிள்ளைகளின் ஷூவிலும் பையிலும் பர்ரென்று பிரியும் பட்டைதான் இது. நாயுருவிச் செடிக்குப் பக்கத்தில் நடந்து வந்தால் அதன் விதைகள் வேட்டியில் ஒட்டிக் கொள்ளும் அல்லவா? இது போன்ற ஒட்டும் விதைகளைப் பார்த்துத்தான் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் என்ற என்ஜினியர் இதைக் கண்டுபிடித்தார். 1955இல் காப்புரிமை பெற்றார். எத்தனை முறை வேண்டுமானாலும் பிரித்துக் கட்டலாம். எலக்ட்ரிக்கல் கடைகளில் சுருளாகக் கிடைக்கிறது.

இது கிடைக்கவில்லை என்றாலும் கவலை இல்லை. பழைய பருத்தித் துணியை இரண்டு விரல் அகலத்தில் கிழித்து, இழுத்தால் அவிழும் முடிச்சாகக் கட்டினால் போதும்.

சுருட்டியபடியே பயன்படுத்தாதீர்கள்

இதுவரை சொன்னது பயன்படுத்தாத வயரை எடுத்து வைக்கும் முறை. இந்தப் பாடத்தின் மிக முக்கியமான பகுதி இனிமேல்தான்.

பத்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயரை வாங்கி, இரண்டு மீட்டரை மட்டும் பிரித்து, மீதியைச் சுருளாகவே வைத்துப் பயன்படுத்துகிறோம். இதில் என்ன தவறு? ஒரு சிறிய கணக்கைப் பார்க்கலாம்.

கடைகளில் கிடைக்கும் சாதாரண எக்ஸ்டென்ஷன் வயர்களில் 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு இருப்பதுண்டு. பத்து மீட்டர் நீளத்தில் மின்சாரம் போகவும் வரவும் சேர்த்து அதன் மின்தடை சுமார் அரை ஓம். வயருக்குள் உண்டாகும் சூட்டைக் கணக்கிட, ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, அதை மின்தடையால் பெருக்க வேண்டும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஒரு பொருளின் வாட்டை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும்.

கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 200 வாட் என்றால் ஒரு ஆம்பியருக்கும் குறைவு. முழு வயரிலும் உண்டாகும் சூடு அரை வாட் கூட இல்லை. பயமில்லை.

அதே வயரில் 1000 வாட் அயர்ன் பாக்ஸைச் செருகினால் சுமார் 4.3 ஆம்பியர். சூடு சுமார் 10 வாட்.

1500 வாட் கெட்டிலைச் செருகினால் சுமார் 6.5 ஆம்பியர். சூடு 20 வாட்டிற்கு மேல்.

கம்ப்யூட்டரை விட அயர்ன் பாக்ஸ் ஐந்து மடங்கு வாட். ஆனால் சூடு 25 மடங்கு. ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்குவதால் வரும் வினை இது. ரேடியோ ரிப்பேர் செய்பவர் ஈயத்தை உருக்கப் பயன்படுத்தும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். வயரைப் பத்து மீட்டருக்கும் விரித்துப் போட்டால் இந்தச் சூடு நீளம் முழுவதும் பரவிக் காற்றில் கலந்துவிடும். கைப்பிடி அளவு சுருளாக இருந்தால், நடுவில் இருக்கும் சுற்றுகளின் சூடு எங்கும் போக முடியாது. சாதாரண பிவிசி உறை தாங்கும் அளவு சுமார் 70 டிகிரி. சித்திரை, வைகாசியில் நம் பக்கத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. அப்படியானால் மிச்சம் இருப்பது 30 டிகிரிதான். அதையும் தாண்டினால் உறை இளகும், உள் வயர்கள் ஒன்றையொன்று தொடும், தீப்பிடிக்கும்.

சக்கரத்தில் சுற்றி வரும் நல்ல தரமான எக்ஸ்டென்ஷன்களில் இரண்டு வாட் அளவுகள் அச்சிடப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். சுற்றியபடி பயன்படுத்தினால் குறைந்த வாட், முழுவதும் விரித்தால் அதிக வாட். காரணம் இப்போது புரிந்திருக்கும்.

ஆகவே மூன்று விதிகளை நினைவில் வையுங்கள். ஒன்று, தேவையான நீளத்திற்கு ஏற்ற வயரை வாங்குங்கள். இரண்டு மீட்டர் போதும் என்றால் பத்து மீட்டர் வாங்காதீர்கள். இரண்டு, நீளம் மிஞ்சினால் இறுக்கமான பந்தாகக் கட்டாமல் சுவர் ஓரமாக நீளவாக்கில் ஓட்டி, அப்போதும் மிஞ்சுவதைப் பெரிய தளர்வான வளைவாகத் தொங்கவிடுங்கள். மூன்று, கம்ப்யூட்டருக்கான எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், கெட்டில், மிக்ஸி எதையும் செருகாதீர்கள். சுவரில் இருக்கும் சிறிய சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. அதிக வாட் பொருள்களுக்கு 16 ஆம்பியர் பெரிய சாக்கெட்தான் சரி. லேசர் பிரிண்டரும் அச்சடிக்கும் நேரத்தில் பல நூறு வாட் இழுக்கும். அதை யுபிஎஸ்ஸில் இணைக்காமல் நேராகச் சுவர் சாக்கெட்டில் இணைப்பதே நல்லது.

மேஜையைச் சரி செய்வோம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கம்ப்யூட்டரை முறையாக ஷட் டவுன் செய்து, யுபிஎஸ்ஸையும் அணைத்து, மெயின் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பிளக்கைப் பிடித்து இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

முதலில் எந்த வயர் எங்கே இருந்தது என்று மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு வயரின் இரண்டு முனைகளிலும் சிறு பேப்பர் துண்டில் பெயர் எழுதி, செலோ டேப்பால் ஒட்டுங்கள். "மானிட்டர் பவர்", "பிரிண்டர் யுஎஸ்பி" என்று எழுதினால் போதும். அடாப்டர்களில் இது மிக அவசியம். ரௌட்டருக்கும் செட் டாப் பாக்ஸிற்கும் ஒரே மாதிரி முனை இருக்கலாம். ஆனால் ஒன்று 12 வோல்ட், மற்றொன்று 9 வோல்ட்டாக இருக்கலாம். மாற்றிச் செருகினால் பொருள் வேலை செய்யாது அல்லது ஒரேயடியாகப் போய்விடும். எந்தப் பொருளுக்கு, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அடாப்டரின் முதுகில் பெரிதாக எழுதிவிடுங்கள்.

அடுத்து, எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் இருந்து தூக்குங்கள். வீடு கழுவும் நாளில் முதலில் நனைவது அதுதான். மேஜைக் காலின் உட்பக்கம் தரையில் இருந்து ஒரு முழம் உயரத்தில் ஸ்குரூ அடித்து மாட்டலாம். எறும்பும் தூசியும் கூட இதனால் குறையும்.

மேஜையின் பின்புறம் இடது ஓரமாகப் பவர் கார்டுகள், வலது ஓரமாகத் தகவல் கேபிள்கள் என்று பிரியுங்கள். இரண்டும் நீண்ட தூரம் ஒட்டிக் கொண்டு ஓடினால் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்ற இரைச்சல் வரலாம். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறி போலக் கடக்கட்டும். மானிட்டரைத் திருப்பவும், சிபியுவை இழுத்துத் துடைக்கவும் இடம் இருக்கும்படி ஒவ்வொரு வயரிலும் ஒரு சாண் தளர்வு விடுங்கள். வயர் விறைப்பாக நின்றால் சாக்கெட்டின் உள்ளே இணைப்பு தளர்ந்து பொறி பறக்கும்.

மூன்று முள் பிளக்கில் மேலே உள்ள தடித்த, நீண்ட முள் எர்த். செருகும்போது முதலில் சேர்ந்து, கழற்றும்போது கடைசியில் விலக வேண்டும் என்பதற்காகவே அது நீளமாக இருக்கிறது. சாக்கெட்டில் நுழையவில்லை என்று அதை வெட்டிவிட வேண்டாம். எர்த் இல்லாவிட்டால் சிபியுவின் இரும்பு உடலைத் தொடும்போது ஜிவ்வென்று இருக்கும்.

வாரா வாரம் ஒரு முறை வயர்களின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். நெல், சோளம், தீவன மூட்டை வைக்கும் வீடுகளில் எலி வயரைக் கடிக்கும். குவியலாகக் கிடக்கும் வயர் எலிக்கு மறைவிடம். சுவர் ஓரமாகத் தூக்கிக் கட்டிய வயரில் கடித்த இடம் உடனே தெரிந்துவிடும்.

லேன், ஃபைபர் கேபிள்கள்

லேன் கேபிளுக்குள் எட்டு மெல்லிய வயர்கள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். வெளியில் இருந்து வரும் மின் இரைச்சல் தகவலைக் கெடுக்காமல் இருக்கவே இந்த முறுக்கு. ஒடியும்படி மடித்தால் முறுக்கு குலைந்து வேகம் குறையும்.

இப்போது பல வீடுகளுக்கு ஃபைபர் பிராட்பேண்ட் வருகிறது. அதில் ஓடுவது ஒளி. உள்ளே இருப்பது முடி போன்ற கண்ணாடி இழை. அதிகம் வளைத்தால் ஒளி வளைவில் வெளியே கசிந்துவிடும். ஒடிந்தால் ரௌட்டர் பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய சிவப்பு விளக்கு எரியும். இன்டர்நெட் நின்றுவிடும். லேன், ஃபைபர் இரண்டிற்கும் ஒரு சுலபமான அளவு சொல்கிறோம். வளைவு டீ டம்ளரின் வாயை விடச் சிறியதாக இருக்கக் கூடாது. ஆணியில் மாட்ட வேண்டாம். ஃபைபரின் முனையைக் கழற்றினால் உடனே மூடி போட்டுவிடுங்கள். விரலால் தொட்டாலே அழுக்கு ஒட்டிவிடும்.

மாடியில் இருந்து வீட்டிற்குள் வரும் கேபிள், ஜன்னலுக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவாகத் தொங்கட்டும். மழைத் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். நேராக உள்ளே வந்தால் தண்ணீர் கேபிளைப் பிடித்துக் கொண்டே ரௌட்டர் வரை வந்து சேரும்.

யுஎஸ்பி-சி கேபிள்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் தாங்கும் அளவு வேறு. சில 60 வாட் வரை, சில 100 வாட், சில 240 வாட் வரை. லேப்டாப்புடன் வந்த கேபிளுக்கும் பெயர் எழுதித் தனியாக வையுங்கள். மொபைல் கேபிளுடன் கலந்தால் லேப்டாப் ஏன் மெதுவாகச் சார்ஜ் ஆகிறது என்று குழம்ப நேரிடும்.

தண்ணீர் ஹோஸுக்கும் இதே பாடம்

கம்ப்யூட்டர் மலருமா ஹோஸைப் பற்றி எழுதுகிறது என்று நினைக்க வேண்டாம். வண்டி கழுவும் ஹோஸும் எக்ஸ்டென்ஷன் வயரும் ஒரே ஆணியில் தொங்கும் வீடுகள் உண்டு. மோட்டார் ரூமில் இதை அதிகம் பார்க்கலாம். ஹோஸில் மிஞ்சியிருக்கும் தண்ணீர் சொட்டிப் பிளக்கிற்குள் இறங்கும். பித்தளை முட்களில் பச்சை படியும். அடுத்த முறை செருகும்போது இணைப்பு சரியாக அமையாமல் சூடாகும். ஈரம் காயாமல் செருகினால் ஷாக் அடிக்கும். இரண்டும் ஒரே சுவரில் இருக்க வேண்டுமானால் வயர் மேலே, ஹோஸ் கீழே, இடையில் ஓர் ஆள் கை நீளம் இடைவெளி.

ஹோஸை எடுத்து வைக்கும்போது முதலில் குழாயை மூடி, ஒரு முனையைத் தோள் உயரத்திற்குத் தூக்கிக் கொண்டு அடுத்த முனை வரை நடந்து சென்றால் உள்ளே இருக்கும் தண்ணீர் முழுவதும் வடிந்துவிடும். வடியாவிட்டால் உள்ளே பாசி பிடிக்கும். பிறகு வயரைப் போலவே மேல் சுற்று, கீழ் சுற்று. ஹோஸ் தடிமனாக இருப்பதால் தரையில் பெரிய எட்டு வடிவமாகப் போட்டுச் சுருட்டுவது இன்னும் சுலபம். எட்டிலும் முறுக்கு ஏறாது. ஆணியில் தொங்கவிட்டால் அந்த இடத்தில் மடிந்து வெடிக்கும். பழைய ஸ்கூட்டர் டயரையோ சைக்கிள் ரிம்மையோ சுவரில் பொருத்தி அதன் மேல் மாட்டுங்கள். வெயில் படாத இடமாக இருக்கட்டும். குடிநீர்த் தொட்டிக்குப் பயன்படுத்தும் ஹோஸைச் சாணம், கோழித் தீவனத் தொட்டி கழுவும் ஹோஸுடன் சேர்க்காதீர்கள். இரண்டிற்கும் வேறு வேறு நிறம் வாங்கினால் பிள்ளைகளுக்கும் குழப்பம் இருக்காது.

உடனே தூக்கிப் போட வேண்டிய வயர்கள்

பின்வரும் அடையாளங்களில் ஒன்று இருந்தாலும் அந்த வயரைப் பயன்படுத்தாதீர்கள்.

* தொட்டால் வெதுவெதுப்பைத் தாண்டிச் சுடுகிறது.
* பிளக்கோ சாக்கெட்டோ பழுப்பாக மாறியிருக்கிறது அல்லது கருகிய வாசனை வருகிறது.
* உறை வெடித்து உள் வயரின் நிறம் தெரிகிறது.
* வயரை அசைத்தால் பொருள் அணைந்து அணைந்து எரிகிறது.
* எலி கடித்த தடம் இருக்கிறது.

இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக் காலம் தள்ளுவது பலருடைய வழக்கம். வேலை செய்யும் வயரின் மேல் சுற்றிய டேப் வெயிலில் பசை விட்டு நழுவும். 230 வோல்ட் செல்லும் வயருக்கு ஒட்டு வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள புதிய பவர் கார்டு வாங்குங்கள். தூக்கிப் போடும் முன் பிளக்கை வெட்டிவிடுங்கள். வேறு யாராவது எடுத்துச் செருகிவிடாமல் இருக்கும்.

மீதியுள்ள நல்ல வயர்களை ஒவ்வொன்றாகச் சுருட்டி, கட்டி, பெயர் எழுதி, ஒரு மூடி போட்ட டப்பாவில் செங்குத்தாக அடுக்குங்கள். மின்சார வயர்களுக்கு ஒரு டப்பா, தகவல் கேபிள்களுக்கு ஒரு டப்பா. எந்த வயர் வேண்டும் என்றாலும் மற்றதைத் தொடாமல் எடுக்க முடிந்தால் உங்கள் வேலை முடிந்தது.

இன்றைக்கே எல்லாவற்றையும் செய்ய நேரம் இல்லையென்றால் ஒன்றை மட்டும் செய்யுங்கள். மேஜைக்குப் பின்னால் கை விட்டு, சுருளாகக் கட்டிய வயர் ஏதாவது இருந்தால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, கட்டை அவிழ்த்து வயரை விரித்துப் போடுங்கள்.